உடுத்த முடியாத உடைகள்: மெட் மியூசியத்தின் 2024 கண்காட்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில், எல்லோரும் மெட் என்று சொல்கிற இடத்தில், 2024 மே 10 முதல் செப்டம்பர் 2 வரை ‘ஸ்லீப்பிங் பியூட்டீஸ்: ரீஅவேக்கனிங் ஃபேஷன்’ என்று ஒரு உடைக் கண்காட்சி நடந்தது. நானூறு ஆண்டுக்கால உடைகளும் அணிகளுமாகச் சுமார் 220 உருப்படிகள். இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒளி உருவத்தையும் செயற்கை நுண்ணறிவையும் வாசனைக் குழாயையும் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். அதையெல்லாம் நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அங்கே நடந்த பெரிய விஷயமாக எனக்குப் படுவது வேறு: சில உடைகளைப் பொம்மைக்கு மாட்டாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்துக் காட்டினார்கள். இனி இதை யாருக்கும், பொம்மைக்குக்கூட, உடுத்திவிட முடியாது என்று ஒரு மியூசியம் ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலையே கண்காட்சியாக்கியது. உடையைக் கலைப்பொருளாகப் பாதுகாப்பது என்றால் என்ன என்ற கேள்வி முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

படுத்திருந்தவற்றில் ஒன்று சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த் தைத்த சாட்டின் பட்டு நடன உடை. வொர்த் இங்கிலாந்தில் பிறந்து பாரிஸில் கடை போட்டவர். இன்று நாம் ‘டிசைனர்’ என்று சொல்கிற தொழிலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய உருவாக்கியவர், உடைக்குள் தன் பெயர்ப்பட்டை வைத்துத் தைத்தவர், பணக்கார அமெரிக்கப் பெண்கள் கப்பல் ஏறிப் போய் அளவு கொடுத்துவிட்டு வந்த ஆள். அவர் உடை இப்போது ஏன் நிற்க முடியவில்லை? யாரும் கிழிக்கவில்லை, பூச்சி அரிக்கவில்லை. பட்டு தானாகவே பாவு நூல் வாக்கில் கீறிக்கொண்டு போகிறது. பொம்மைமேல் மாட்டித் தொங்கவிட்டால் பாவாடையின் எடையே துணியைப் பிளந்துவிடும்.

இதற்குப் பின்னால் பலமுறை ஒரு வியாபாரக் கணக்கு இருக்கும். கூட்டிலிருந்து எடுக்கிற பட்டு நூலில் ஒரு பசை உண்டு. அதை வேகவைத்து நீக்கினால்தான் மினுமினுப்பும் மென்மையும் வரும், ஆனால் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விடும். பட்டு எடை போட்டு விற்கிற சரக்கு. அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாயப்பட்டறைக்காரர்கள் போன எடையை உலோக உப்புகளால் ஈடுகட்டினார்கள்; முதலில் கறுப்புப் பட்டுக்கு இரும்பு, பிறகு வெளிர்நிறப் பட்டுக்கு வெள்ளீயம். ஈடுகட்டியதோடு விடவில்லை, சில துணிகளில் பட்டைவிட உப்பே அதிகம் என்கிற அளவுக்கு ஏற்றினார்கள். துணிக்குக் கனம் வந்தது, மடிப்பு அழகாக விழுந்தது, வாங்கினவர்களும் கனமான பட்டு நல்ல பட்டு என்று சந்தோஷப்பட்டார்கள். ஐம்பது அறுபது வருடம் கழித்து வெளிச்சமும் ஈரமும் அந்த உப்போடு சேர்ந்து இழையைத் தின்ன ஆரம்பித்தன. எந்தப் பேணல் வல்லுநராலும் இதைத் திருப்ப முடியாது. நோய் துணிக்குள்ளேயே நெய்யப்பட்டிருக்கிறது. கீறின இடத்துக்கு அடியில் மெல்லிய பட்டு வலைத்துணியை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய இழையால் பிடித்துவைக்கலாம், ஆனால் ஊசி குத்துகிற இடமே புதிய கீறலுக்கு ஆரம்பமாகிவிடும் என்ற கட்டம் வந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

நம் வீட்டு பீரோவில் இதன் சின்ன வடிவம் எல்லோரும் பார்த்ததுதான். பாட்டியின் காஞ்சிபுரம் பட்டை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்துவிட்டால் மடிப்போரத்தில், அதுவும் ஜரிகை கனமாக இருக்கிற இடத்தில், விட்டுப்போகும். அதனால்தான் அவ்வப்போது எடுத்து நிழலில் உதறி, மடிப்பை மாற்றி வைக்கச் சொல்வார்கள். மெட்டின் கிடங்கில் நடப்பதும் அடிப்படையில் இதுதான், அமிலமில்லாத தாள், உருட்டிவைத்த மெத்தைத் துணி, ஈரப்பதக் கருவி என்று செலவு மட்டும் வேறு.

சோழமண்டலக் கரையிலிருந்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சின்ட்ஸ் என்கிற, பூ வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகளிலும் இந்த உள்நோயைப் பார்க்கலாம். சாயவேரும் படிகாரமும் கொடுத்த சிவப்பு முந்நூறு வருடம் கழித்தும் பளிச்சென்று இருக்கும். பூவின் ஓரக்கோட்டுக்காக இரும்பைக் கொண்டு போட்ட கறுப்பு மட்டும் துணியையே அரித்து, கோடு இருந்த இடத்தில் மெல்லிய ஓட்டையாக நிற்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற பெரிய சின்ட்ஸ் சேகரிப்புகளைப் பேணுகிறவர்களுக்குப் பழகிப்போன தலைவலி. செய்தவர் கைத்திறனில் குறை இல்லை. அந்த நிறத்துக்கு அன்று இருந்த வழி அதுதான்.

சரி, இந்த நிலையில் இருக்கிற ஒரு உடையை எப்படிக் காட்டுவது? ஓவியத்தைச் சுவரில் மாட்டினால் அது ஓவியமாகவே இருக்கிறது. உடையை மேசைமேல் பரப்பினால் அது துணியாகிவிடுகிறது. ஓர் உடையில் வடிவமைப்பு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் உடம்பு உள்ளே இருக்கும்போதும் அது நடக்கும்போதும்தான் தெரியும். ஆகவே பொம்மை வேண்டும். பொம்மை என்றால் துணிக்கடை வாசலில் நிற்பது மாதிரி அல்ல. ஒரு பழைய உடைக்குப் பொம்மை தயாரிப்பது நாள்கணக்கில் ஆகிற வேலை. உடை ஒருபோதும் பொம்மைக்கு வளைந்துகொடுக்கக் கூடாது, பொம்மைதான் உடைக்கு வளைய வேண்டும் என்பது முதல் விதி. அன்றைய இடுப்பு இன்றைய பொம்மையின் இடுப்பைவிடச் சின்னதாக இருக்கும், தோள் குறுகல், மார்பு வேறு உயரத்தில். உடையை உள்ளும் புறமும் அளந்து, அதைவிடச் சின்னதாக ஓர் உருவை நுரைப்பலகையில் செதுக்கி, பாலியெஸ்டர் பஞ்சை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே வழுக்கலான துணியைப் போர்த்தி, உடையை மாட்டிப் பார்த்து, எங்கே தொய்கிறது எங்கே இழுக்கிறது என்று கண்ணால் அளந்து, கழற்றி, மறுபடி பஞ்சு வைத்து, மறுபடி மாட்டி... ஒவ்வொரு மாட்டலும் உடைக்கு ஒரு தேய்மானம். கண்காட்சிக்கு வருகிறவர் கண்ணில் இந்த வேலை படாமல் இருந்தால்தான் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம்.

அதோடு வெளிச்சம். துணிக்குப் பொதுவாக மியூசியங்கள் வைத்துக்கொள்கிற அளவு 50 லக்ஸ், அதாவது மங்கலான அறை. அதிலும் சில மாதங்கள் காட்டிவிட்டு, பிறகு பல வருடங்களுக்கு இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகிற கணக்கு, ஓய்வு கொடுத்தால் கணக்கு நிற்குமே தவிரக் குறையாது. ஒரு உடையைக் காட்டுவது என்றால் அதன் ஆயுளிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்வையாளருக்குக் கொடுப்பது.

மெட்டின் காஸ்ட்யூம் இன்ஸ்டிடியூட்டுக்கு இந்தக் கணக்கு புதிது அல்ல. 1937இல் தனி மியூசியமாகத் தொடங்கி, 1946இல் மெட்டோடு சேர்ந்து, 1959இல் அதன் ஒரு துறையானது. இன்று 33,000க்கு மேற்பட்ட உருப்படிகள், ஏழு நூற்றாண்டு. 2009இல் புரூக்லின் மியூசியம் தன் உடைச் சேகரிப்பை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை, இதற்கே மாற்றிக்கொடுத்தது. பேணுகிற செலவு ஒரு நடுத்தர மியூசியத்துக்குக் கட்டுப்படி ஆகாது என்பது அதில் தெரிகிற பாடம். இத்தனை இருந்தும் மெட்டின் துறைகளிலேயே தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டிய துறை இது ஒன்றுதான். அதற்குத்தான் மே முதல் திங்கட்கிழமை நடக்கிற அந்தப் பிரபலமான மெட் காலா. 1948இல் 50 டாலர் டிக்கெட்டோடு தொடங்கிய விருந்து. 2024இல் ஒரு டிக்கெட் 75,000 டாலர், திரண்ட தொகை சுமார் 2.6 கோடி டாலர். ரெம்பிராண்ட் அறையில் பல்பு மாற்ற யாரும் விருந்து வைத்து நிதி திரட்டுவதில்லை. உடை கலையா இல்லையா என்று மேடையில் எவ்வளவு பேசினாலும், அந்தக் கட்டடத்தின் கணக்குப் புத்தகம் நெடுநாளாக ஒரு பதிலை எழுதிவைத்திருக்கிறது.

கண்காட்சிக்கு வருவோம். பொறுப்பாளர் ஆண்ட்ரூ போல்டன். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீன் இறந்த மறுவருடம், 2011இல், அவருக்காக ஒரு கண்காட்சி அமைத்து 6,61,509 பேரை வரவழைத்தவர். அந்த எண்தான் உலகமெங்கும் மியூசியங்களை உடைப் பக்கம் திருப்பியது. இந்த முறை அவர் எடுத்துக்கொண்ட சவால்: உடை ஒரு சேகரிப்புக்குள் நுழைந்ததும் நாம் இழப்பது என்னென்ன, அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அணிந்த உடைக்கு வாசம் உண்டு, சத்தம் உண்டு, தொடுகை உண்டு, அசைவு உண்டு. மியூசியத்துக்குள் வந்தபின் பார்வை ஒன்றுதான் மிச்சம். இயற்கையைக் கருவாக வைத்து, நிலம், கடல், வானம் என்று போகிற சின்னச் சின்ன அறைகளில் இந்த இழப்புகளை ஒவ்வொன்றாகச் சரிக்கட்டிப் பார்த்தார்.

சத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எதிரொலியே இல்லாத ஒரு பரிசோதனை அறைக்குள், பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில், உடைகளை அசைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். மெக்வீனின் 2001 வசந்தகால உடை ஒன்று, முழுக்க நீள்வடிவச் சிப்பி ஓடுகளால் ஆனது, அசைந்தால் கலகலவென்று கேட்கும். இந்த உடையின் கதை தனி. கடற்கரையில் வீணாகக் கிடந்த ஓடுகளுக்கு உடையில் ஒரு மறுவாழ்வு கொடுத்தோம், பிறகு மேடையில் மாடல் எரின் ஓ’கானர் அந்த ஓடுகளைப் பிய்த்துப் போட்டதும் அதுவும் முடிந்தது, ஃபேஷனே இப்படித்தான் என்ற பொருளில் மெக்வீன் பேசியிருக்கிறார். செய்தவரே நொறுங்குவதற்காகச் செய்த ஒன்றை ஒரு பேணல் துறை ஓடு ஓடாகக் காப்பாற்றுகிறது. அபத்தம் என்று சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துவைத்ததில் ஒரு தீர்வு இருக்கிறது: உடையை இனி ஆட்ட வேண்டிய தேவையே இல்லை.

தொடுகைக்கும் நேர்மையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில மேற்சட்டை ஒன்றின் பூவேலையைச் சுவரில் புடைப்பாக வார்த்து, வருகிறவர்கள் விரலால் தடவிப் பார்க்க விட்டார்கள். 1949இன் ‘மிஸ் டியோர்’ உடையை, ஆயிரக்கணக்கான துணிப்பூக்கள் அடர்ந்தது, முப்பரிமாண அச்சில் சின்னதாக்கித் தொட வைத்தார்கள். பிளாஸ்டிக்தான், துணியின் குளிர்ச்சியோ வழுக்கலோ வராது. ஆனால் தையல் எவ்வளவு நெருக்கம் என்பது விரலுக்குத் தெரியும், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கண்ணுக்குத் தெரியாதது.

வாசனையில் எனக்குச் சந்தேகம் உண்டு. நார்வேயைச் சேர்ந்த வாசனைக் கலைஞர் சிசெல் டோலாஸ் உடைகளில் ஒட்டியிருந்த மூலக்கூறுகளைப் பிடித்து, ஆய்ந்து, மறுபடி தயாரித்து, குழாய் வழியாக முகர வைத்தார். மில்லிசென்ட் ரோஜர்ஸ் என்ற செல்வந்தப் பெண்ணின் உடைகளில் மிஞ்சியிருந்த வாசம் அதில் ஒன்று. வியப்புதான். ஆனால் ஒரு உடை மியூசியத்துக்கு வந்தபின் பட்ட பெட்டி வாசம், அலமாரி வாசம், பூச்சிமருந்து வாசம் எல்லாம் அதில் கலந்திருக்கும். முகர்கிறவர் அந்தப் பெண்ணை முகர்ந்ததாக நினைத்துக்கொண்டு வெளியே வருவார். டயானா வ்ரீலேண்ட் 1970களில் இதே துறையில் கண்காட்சி அறைக்குள் சென்ட் தெளிக்க வைத்தவர், அது வெறும் நாடகம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே நாடகம் வேதியியல் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

வொர்த்தின் உடைக்கு வந்தது அசைவு. நிஜமான உடை பெட்டிக்குள் படுத்திருக்க, 19ஆம் நூற்றாண்டு நாடக மேடைகளில் பேய் காட்டப் பயன்பட்ட சாய்வுக்கண்ணாடி உத்தியால், அதே உடை நடனமாடுகிற ஒளி உருவத்தைக் காட்டினார்கள். உடையும் உத்தியும் ஒரே நூற்றாண்டு என்பதால் பொருத்தம் நன்றாகவே அமைந்தது. ஆனால் அசைகிற ஒன்றும் அசையாத ஒன்றும் ஒரே அறையில் இருந்தால் கண் எதைப் பார்க்கும்? அசைகிறதைத்தான். கீறல் விட்ட பட்டு, இத்தனை வருடம் பேணியது, அறையில் இரண்டாவது ஈர்ப்பாகிவிடுகிறது. 1930இல் நேட்டலி பாட்டர் என்ற நியூயார்க் பெண் கல்யாணத்துக்கு உடுத்திய காலோ சகோதரிகள் என்ற பாரிஸ் தையல் நிறுவனத்தின் உடைக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. போனில் பிடித்தால், ஓப்பன்ஏஐ உதவியில் செய்த பேசும் நிரல் ஒன்று மணமகளாகப் பதில் சொல்லும். கடிதங்களையும் செய்தித்தாள்களையும் கொடுத்துப் பழக்கியதாம். கடிதத்தையே பக்கத்தில் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. இறந்த பெண்ணின் வாயில் பேச்சை வைக்கிறோம் என்ற கூச்சம் கொஞ்சம் வேண்டும்.

லோவே நிறுவனத்தின் 2023 ஆண்கள் கோட்டு மட்டும் இதற்கெல்லாம் நேர் எதிர்த்திசையில் போனது. ஜொனாதன் ஆண்டர்சன் வடிவமைத்தது, துணியில் புல் விதைத்து முளைக்க வைத்தது. அதைப் பச்சையாக வைத்துக்கொள்ள முயலாமல், கண்காட்சி நாட்களில் அது காய்ந்து போவதையே காட்ட அனுமதித்தார்கள். அருமையான தேர்வு. அதே சமயம் கண்காட்சியின் ஆதரவாளர் பட்டியலில் டிக்டாக்கோடு லோவேயும் இருந்தது என்பதையும், ஆண்டர்சன் அந்த வருடக் காலாவின் கௌரவத் தலைவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமை ஆகாது. கோட்டு நல்ல தேர்வாகவே இருக்கலாம், ஆனால் ஓவியத் துறையில் ஓவியரின் படங்களை விற்கிற கடைக்காரர் அறைக்கு வாடகை கொடுத்திருந்தால் நாம் கேட்கிற கேள்வியை இங்கே கேட்கப் பழகவில்லை.

கண்காட்சியைத் திறந்துவைத்த காலா இரவில் நடந்ததையும் பாருங்கள். பாடகி டைலா பால்மேன் நிறுவனத்தின் மணல் உடை ஒன்றைப் போட்டு வந்தார், படி ஏற முடியவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள், உள்ளே போனதும் வடிவமைப்பாளரே கத்தரிக்கோலால் பாவாடையை வெட்டிக் குட்டையாக்கினார். ஒரே இரவுக்கான உடை, சரி. நடிகை ஸெண்டயா இரண்டாவதாக உடுத்தி வந்தது ஜான் கலியானோ கிவென்ஷிக்காக 1996இல் செய்தது, அப்போதே 28 வயதான உடை. உடுத்தவே முடியாத உடைகளைக் கொண்டாடுகிற விருந்துக்கு, கிடங்கில் இருக்க வேண்டிய வயதில் ஒன்று படியேறி வந்தது. அதற்கு ஏதும் ஆனதாக நான் சொல்லவில்லை. ஆனால் ‘ஆர்க்கைவல்’, அதாவது பழைய சேகரிப்பிலிருந்து எடுத்தது, என்ற சொல் இப்போது சிவப்புக் கம்பளத்தில் ஒரு பெருமைப் பட்டம் ஆகிவிட்டது.

அதன் உச்சம் இரண்டு வருடம் முன்னால், 2022 மே 2 அன்று, இதே படிகளில் நடந்தது. 1962இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ பாடியபோது உடுத்தியிருந்த, ழான் லூயி தைத்த உடை. மெல்லிய பட்டு, அதில் கையால் பதித்த ஆயிரக்கணக்கான கற்கள், அவர் உடம்போடு வைத்துத் தைத்தது. 2016 ஏலத்தில் ரிப்ளீஸ் நிறுவனம் 48 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதைக் கிம் கார்டாஷியன் சில நிமிடங்கள் உடுத்திப் படியேறினார், பின்பக்கம் பூட்ட முடியாததை வெள்ளை ரோமப் போர்வை மறைத்தது, மேலே போனதும் நகல் உடைக்கு மாறிவிட்டார். வரலாற்று உடைகளை யாருமே உடுத்தக் கூடாது என்று சர்வதேச அருங்காட்சியகங்கள் மன்றத்தின் உடைக் குழு அறிக்கை விட்டது. அமெரிக்காவின் உடைச் சங்கம் 1980களிலேயே எடுத்த நிலைப்பாடுதான். ஜூன் மாதம், கற்கள் உதிர்ந்திருக்கின்றன என்று படங்கள் சுற்றின. சேதம் இல்லை, முன்பே இருந்த குறைதான், 2017 அறிக்கையைப் பாருங்கள் என்றது ரிப்ளீஸ். யார் சொல்வது சரி என்ற விவாதத்தில் முக்கியமானது தவறிப்போனது: பழைய பட்டு இழுபடும்போது நூலுக்குள் நடக்கிற முறிவு அன்றைக்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மெட்டுக்கு அந்த உடையில் உரிமை கிடையாது, படி மட்டும்தான் அதனுடையது. இருந்தும் 2024இல் உடைகளைப் படுக்கவைத்துக் காட்டியதை அந்தப் படிக்கான பதிலாகப் படிக்காமல் இருக்க முடியவில்லை, அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும்.

அப்புறம் நடந்தது இடமாற்றம். கிரேட் ஹாலுக்குப் பக்கத்தில், கட்டடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், முன்பு கடை இருந்த பகுதியில், கிட்டத்தட்ட 12,000 சதுர அடியில் காஸ்ட்யூம் இன்ஸ்டிடியூட்டுக்கான புதிய கூடங்களை 2026 மே மாதம் திறப்பதாக மெட் அறிவித்தது. பெயர் கொண்டே நாஸ்ட் கூடங்கள், வோக் பத்திரிகையை நடத்துகிற நிறுவனத்தை நிறுவியவரின் பெயர். கீழ்த்தளத்திலிருந்து முன்வாசலுக்கு வருவது பெரிய மரியாதை, மறுக்கவில்லை. ஆனால் 50 லக்ஸ் கணக்கு கீழ்த்தளத்துக்கும் முன்வாசலுக்கும் ஒன்றுதான். பெரிய கூடத்தை வருடத்தில் பெரும்பகுதி நிரப்பிவைக்க வேண்டும் என்றால் எடுத்துக்காட்டுகிற உருப்படி கூடும், பொம்மை வேலை கூடும், பழைய பட்டு அடிக்கடி வெளியே வர முடியாது. அந்த இடைவெளியை நிரப்பச் சுலபமாகக் கிடைப்பவை புதிய உடைகள், நல்ல நிலையில் இருப்பவை, நிறுவனங்கள் தங்கள் சொந்த ஆவணக் கிடங்கிலிருந்து சந்தோஷமாகக் கடன் கொடுப்பவை. அடுத்த சில வருடங்களில் அங்கே நடக்கிற ஒவ்வொரு கண்காட்சியிலும் உடையின் வருடத்தோடு, பெயர்ப்பலகையின் கடைசி வரியில் அது யாருடைய உடைமை என்று போட்டிருப்பதையும் நான் படிப்பேன்.